புதுத் துண்டுகள் விரிசல் கண்ட கதை

சோதனைக் கலத்தின் மூடியைத் திருகித் திறந்ததும் ஒரு வாசனை வரும். ஊருக்குப் போய்வந்து வெந்நீர் அண்டாவைத் திறந்தால் வருமே, அதேதான். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் ஈரம். அன்றைக்கும் வாசனையில் குறை ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து எடுத்து வைத்த எஃகுத் துண்டுகள்தான் முறை தவறி நடந்துகொண்டிருந்தன.

மேசைமேல் இரண்டு தட்டுகள். ஒன்றில் வயதான துண்டுகள், மற்றதில் புதியவை. விரிசல் விட வேண்டியவை வயதானவை. அவையோ பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தன. வளைத்திருந்த புதிய துண்டுகளின் உச்சியில் மயிரிழை மயிரிழையாக விரிசல்.

"சார், தட்டு மாறிப்போச்சா?" என்று கேட்டார் ஆய்வை நடத்தும் ஸ்டெல்லா. கையில் பூதக்கண்ணாடி. குரலில் அப்படி மாறியிருக்கக்கூடாதா என்ற ஆசை.

"இன்னா மேடம் மாறும்? நான்தான போட்டேன்," என்றார் தனசேகர். எங்கள் ஆய்வகத்தின் டெக்னீஷியன், வடபழனிக்காரர். "கெழவங்கல்லாம் இந்தக் கலம், பசங்கல்லாம் அந்தக் கலம். காலாண்ட நம்பர் அடிச்சிகீது பாருங்க."

பார்த்தோம். எண் சரியாகத்தான் இருந்தது. கிழவர்கள் நின்றுவிட்டார்கள், பையன்கள் விரிந்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பணி ஓய்வு பெற்று, உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஆண்டுதோறும் விரல் ரேகை வைத்து நிரூபித்துவரும் ஒருவனுக்கு இதைவிட நல்ல விஞ்ஞான முடிவு வேறென்ன வேண்டும்? ஓய்வூதியர் சங்கத்தில் சொன்னால் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

எவர்சில்வரின் பெரியப்பா வீடு

இந்தத் துண்டுகள் அணு உலைக்கானவை. அணு உலை என்றவுடன் வாசகர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்துவார்கள் என்று தெரியும். நகர்த்த வேண்டாம். அடையாற்றில் இருந்த எங்கள் ஆய்வகத்துக்குள் கதிர்வீச்சு என்று எதுவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் குழாய் செய்யும் எஃகு.

அது வேறு யாருமல்ல. தி.நகரில் கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கி நீங்கள் வாங்கிவரும் எவர்சில்வர் டம்ளருக்குப் பெரியப்பா வீட்டுச் சொந்தம். டம்ளர் காபியைத் தாங்கினால் போதும். பெரியப்பா வீட்டுப் பிள்ளைக்கு உலையின் குழாய்களில் கொதிநீரையும் அழுத்தத்தையும் பல பத்தாண்டுகள் தாங்கும் வேலை. தாங்கித் தாங்கி அதற்கும் வயதாகும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே எஃகை ஆக்கும் நுண்மணிகளுக்கு இடையிலுள்ள ஒட்டுதல் தளரும். மனிதர்களில்கூட இப்படிச் சிலரை எனக்குத் தெரியும்.

எப்போது விரிசல் விடும்? ஓடுகிற உலையைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் அதே எஃகில் சின்னத் துண்டுகளை அடுப்பில் மாதக்கணக்கில் வாட்டி, முன்கூட்டியே கிழவனாக்கிவிடுவோம். பிறகு துண்டை லாடம் போல வளைத்து, போல்ட்டு போட்டு இறுக்கி, கொதிநீர்க் கலத்துக்குள் வைப்போம். ஒப்பிட்டுப் பார்க்க, வாட்டாத புதுத் துண்டுகளையும் அப்படியே வளைத்து இன்னொரு கலத்தில் வைப்போம். கிழவன் முதலில் விரிய வேண்டும். எவ்வளவு முன்னால் விரிகிறான் என்பதுதான் கேள்வி.

ஒரே ஆய்வகம் சொன்னால் உலகம் நம்பாது. ஆகவே இது கூட்டாய்வு. ஒரே வார்ப்பில் எடுத்த எஃகைத் தேங்காய்ப் பத்தை போட்ட மாதிரி நறுக்கி, பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே செய்முறை. அதன் உட்பிரிவுகள் எனக்குத் தலைகீழாகப் பாடம். ஆய்வகம் என்னை ஓய்வுக்குப் பிறகும் 'ஆலோசகர்' என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டது அதற்காகத்தான். ஆலோசகர் என்றால், தனி நாற்காலி உண்டு, தொலைபேசி கிடையாது.

ஸ்டெல்லாவுக்கு என்ன போகும்

ஸ்டெல்லா சாந்தோம்காரர். அப்பா அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். வீட்டில் யாராவது பொய் சொன்னால் காரணம் கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்வார்களாம். அந்த வளர்ப்பு அலுவலக வாழ்க்கைக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதை நான் பிறகு பார்த்தேன்.

எங்கள் ஆய்வகத்தின் தினசரிப் பிழைப்பு பாய்லர் குழாயின் வெல்டிங் சரியா என்று பார்த்து முத்திரை குத்துவது. ஸ்டெல்லா பாதி வயதை அதில் கழித்தவர். இந்தக் கூட்டாய்வுக்குள் நுழைய அவர் பட்ட பாடு தனி அத்தியாயம். முதல் கட்டத்தை அவர் செய்த நேர்த்தியைப் பார்த்து, இரண்டாம் கட்டத்துக்கு அவரையே தலைவராகப் போடலாம் என்று ஒருங்கிணைப்பாளர் மார்த்தா சொல்லியிருந்தார். மார்த்தா வடக்கே ஒரு குளிர் நாட்டில் இருந்தார். திரையில் மட்டுமே பார்த்திருக்கிறோம். எந்த மாதத்திலும் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டு சுற்றியிருப்பார்.

நிபந்தனை ஒன்றுதான். முதல் கட்ட முடிவுகள் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத ஆய்வகம் வெளியே. ஸ்டெல்லா மறுபடி வெல்டிங் முத்திரைக்கு.

மற்ற எல்லா நாட்டிலும் கிழவர்கள்தான் விரிந்திருந்தார்கள்.

கடல்மேல் பழி

குற்றவாளியைத் தேடினோம். என் முதல் சந்தேகம் கடல்மேல். பெசன்ட் நகர் பக்கம் வீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ஜன்னல் கம்பி, ஏசி பெட்டி, கேட்டின் கீல் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்னும். எவர்சில்வருக்கும் உப்புக்கும் ஆகாது. தூள் உப்பை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மறந்துபோன வீட்டில் டப்பாவின் அடியில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். என் மனைவி கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி உப்பைப் பீங்கானுக்கு மாற்றினாள். நான் அதற்கு விஞ்ஞான விளக்கம் கொடுத்தேன். அவள் கேட்கவில்லை.

ஆக, காற்றில் வந்த உப்பு புதுத் துண்டுகளைப் பிடித்திருக்கலாம் என்றேன்.

"அப்போ கெழவங்கள ஏன் பிடிக்கல?" என்றார் ஸ்டெல்லா.

"கடலுக்குப் பெரியவங்ககிட்ட மரியாதை."

"சார்."

"சரி, விடுங்க."

இரண்டாவது சந்தேகம் கை வியர்வை. எல்லோரும் கையுறை போட்டிருந்தார்கள். மூன்றாவது, கலத்தில் ஊற்றிய தண்ணீர். சோதித்தோம், சுத்தம். நான்காவது, எஃகே மோசம். பெட்டியில் மீதமிருந்த புதுத் துண்டு ஒன்றை வளைத்து, கலத்தில் வைத்துப் பார்த்தோம். அது கிழவர்களுக்குச் சமமாக, விரிசலே இல்லாமல் நின்றது.

இங்கேதான் எனக்குப் பசி தட்டியது. காரணம் தெரியாத விஷயம் ஒன்று மேசைமேல் உட்கார்ந்திருந்தால் எனக்கு வீட்டுச் சாப்பாடு இறங்காது, கேன்டீன் போண்டா மட்டும் இறங்கும். இது மருத்துவ உலகம் கவனிக்க வேண்டிய விஷயம்.

மைக்ராஸ்கோப்பில் ஒரு வட்டம்

கடைசியில் விரிசல் விட்ட துண்டொன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து, திரையில் பெரிதாக்கினார் ஸ்டெல்லா. நானும் தனசேகரும் பின்னால் நின்றோம்.

வளைவின் உச்சியில் விரிசல் வருவது இயல்பு. அங்கேதான் இழுவிசை அதிகம். ஆனால் இந்த விரிசல்கள் கிளம்பிய இடம் விசித்திரமாக இருந்தது. குட்டிக் குட்டிக் குழிகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விரிசல். குழிகள் எல்லாம் ஒரு வட்டத்துக்குள். வட்டத்துக்கு வெளியே எஃகு கண்ணாடி மாதிரி. எந்தத் தனிமம் இருக்கிறது என்று கருவியைக் கேட்டால், குழிக்குள் குளோரின் என்றது. உப்பின் பாதி. கூடவே கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து.

அடுத்த துண்டு. அதிலும் உச்சியில் வட்டம். அதற்கடுத்ததிலும்.

ஸ்டெல்லா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சோர்வில் வரும் சிரிப்பு. "என்ன சார் இது, யாரோ பொட்டு வச்சு விட்ட மாதிரி இருக்கு!"

நானும் சிரித்தேன்.

"ஆமா மேடம்," என்றார் தனசேகர். "நான்தான் வெச்சேன்."

சிரிப்பை நிறுத்துவதற்கு எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"எப்போ?"

"ஆயுதபூஜைக்கு மேடம். மிஷினுக்கு, ஸ்பானருக்கு, கம்ப்யூட்டருக்கு, இயக்குநர் சார் காருக்குன்னு எல்லாத்துக்கும் வெச்சாச்சு. இதுங்க மேசமேல வரிசையா குந்திகினு இருந்துச்சுங்க. எல்லாத்துக்கும் வெச்சிட்டு இதுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்? நெத்தி மாதிரி மேலால வளைஞ்சு வேற இருந்துச்சு."

"கெழவங்களுக்கு?"

"அவங்க அடுப்புக்குள்ள இருந்தாங்களே. கதவுக்கு வெச்சேன்."

எல்லாம் விளங்கிவிட்டது. இரு வகையையும் ஒரே நாளில் கலத்தில் இறக்க வேண்டும் என்பது செய்முறையின் விதி. கிழவர்கள் அடுப்பிலிருந்து வரும்வரை பையன்கள் வளைந்து, இறுகி, மேசையில் காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆயுதபூஜை. பூஜையில் வைத்த கருவியை உடனே கையில் எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி. அதை ஒட்டி வார விடுமுறை. மழைக்கால ஈரத்தில், இழுவிசையோடு, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக அவை நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தன.

"சந்தனத்தை எதுல கரைச்சீங்க?" என்று கேட்டேன்.

"பன்னீர் தீந்துபோச்சு சார். கொழா தண்ணிதான்."

அடையாற்றில் போர்வெல் தண்ணீர் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்துக் குழாய் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும் பூவைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலோடு அதற்கு நெருங்கிய உறவு; உப்பும் சுண்ணாம்பும் அதிலிருந்துதான்.

"அப்புறம் துடைச்சோமே," என்றார் ஸ்டெல்லா மெதுவாக. "செய்முறைப்படி அசிட்டோன் போட்டுத் துடைச்சோம்."

துடைத்தவர் தனசேகர்; எங்கள் கண்ணில் பட்டது பளபளப்பு மட்டும். அசிட்டோன் எண்ணெயைக் கரைக்கும், சாயத்தைக் கரைக்கும். உப்பைத் தொடாது. சிவப்பு போனது, சுத்தம் என்று அவர் நினைத்துவிட்டார். உப்பு குழிகளில் தங்கிவிட்டது. செய்முறையை எழுதியவர்கள் எஃகின்மேல் எண்ணெய்க் கை படும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். பக்தி படும் என்று எதிர்பார்க்கவில்லை. எந்த உட்பிரிவிலும் அது இல்லை.

இயக்குநரின் சொற்றொடர்

ஸ்டெல்லா சந்தேகத்தோடு நிறுத்தவில்லை. மூலப் பலகையிலிருந்து வெட்டிய புதுத் துண்டுகளை வளைத்து, பாதிக்குப் பொட்டு, பாதிக்கு வெறும் நெற்றி. தனசேகர் மிகுந்த சிரத்தையோடு வைத்தார்.

"மந்திரம் சொல்லணுமா மேடம்?"

"வேணாம். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்."

பொட்டு வைத்தவை விரிந்தன. வைக்காதவை நின்றன. பொட்டு வைத்தவுடனே சூடான காய்ச்சி வடித்த நீரில் கழுவியவையும் நின்றன. வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த இந்த முடிவோடு இயக்குநரிடம் போனோம்.

அவர் கெட்ட மனிதர் அல்லர். கவலைப்படும் மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"சேது சார், பழுதான துண்டை விலக்கலாம்னு ஒரு உட்பிரிவு இருக்குல்ல?"

"இருக்கு. சோதனைக்கு முன்னாடியே பழுது கண்ணுல பட்டிருந்தா விலக்கலாம்."

"பட்டுச்சுன்னு போட்டா?"

நான் கூரையைப் பார்த்தேன். நாற்பது வருடம் அரைகுறையாக இல்லாமல் விதி படித்தவனுக்கு, விதியை வளைக்கும் இடம் எதுவென்றும் தெரியும். என்னிடம் கேட்கிறார்கள் என்றால் அதற்குத்தான்.

"முன்னாடி பார்க்கல சார்," என்றார் ஸ்டெல்லா. "பின்னாடிதான் பார்த்தோம்."

"சரிம்மா. அப்படின்னா சந்தனம்னு போட வேணாம். 'இயற்கைப் பொருள் சார்ந்த மேற்பரப்பு மாசு'ன்னு போடலாம். யாருக்கும் ஒண்ணும் புரியாது, பொய்யும் இல்ல."

அந்தச் சொற்றொடரின் அழகில் நான் ஒரு கணம் சொக்கிப்போனேன். அரசாங்கக் கோப்புகளில் அதைவிடக் குறைந்த தகுதியுள்ள சொற்றொடர்கள் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்திருக்கின்றன.

"என்ன பொருள், எவ்வளவு நேரம் இருந்துச்சு, எதுல கரைச்சதுன்னு சொல்லலைன்னா அவங்க எப்படி சரிபார்ப்பாங்க?"

"சொன்னா உலகமே சிரிக்கும்மா. ரெண்டாம் கட்டம் உங்க கையை விட்டுப் போயிடும். அத யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். தூக்கமே இல்ல." ஸ்டெல்லாவின் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன. "ஆனா அந்தத் துண்டுங்க கேட்ட கேள்விக்குச் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு. நாளைக்கு நிஜமான குழாய்ல யாராவது இதையே செஞ்சா?"

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தம்முடைய காரின் நெற்றியை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "நீங்களே பேசிக்கோங்க. நான் கேமராவுக்கு வெளியில உக்காந்துக்கறேன்," என்றார்.

திரையில் முகங்கள்

கூட்டம் மதியத்துக்கு மேல். சாப்பிட்ட மயக்கத்தில் நாங்கள், தூக்கக் கலக்கத்தில் சிலர், திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில். கழுத்துத் துண்டோடு மார்த்தா. இன்னொரு கட்டத்தில் ஹென்ரிக் என்ற ஆய்வாளர். ஸ்வெட்டர், தாடி. யாருடைய முடிவிலும் ஓட்டை கண்டுபிடிப்பதில் பெயர் பெற்றவர். ஸ்டெல்லாவுக்கு அவரிடம்தான் பயம்.

ஸ்டெல்லா சுற்றி வளைக்கவில்லை. ஆண்டுக்கொரு நாள் கருவிகளுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்களுக்கு உண்டு, அன்று துண்டுகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம், அதில் உப்பு இருந்தது என்றார். தனசேகர் அன்று கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். வாழையிலை, பொரி, கடலை, நடுவே வரிசையாக எஃகுத் துண்டுகள், நெற்றியில் பொட்டோடு கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகள் மாதிரி. பிறகு மைக்ராஸ்கோப் படம். பிறகு மறுசோதனை.

யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. ஹென்ரிக் தம் கேமராவை அணைத்துவிட்டார்.

கேமராவுக்கு வெளியிலிருந்து இயக்குநரின் பெருமூச்சு கேட்டது. ஸ்டெல்லா மேசைக்கு அடியில் என் கை பக்கமிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடினார்.

"இனி ரெண்டாம் கட்டத்தைப் பத்தி..." என்று மார்த்தா ஆரம்பித்தபோது ஹென்ரிக் திரும்பி வந்தார். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதற்குள் ஒரு புதுத் துண்டு.

அவரிடமும் ஒரு பையன் விரிந்திருந்தானாம். ஒன்றே ஒன்று. கணக்கில் சேராத ஒன்று என்று விலக்கிவிட்டார்கள். அறிக்கையில் எழுதவில்லை. குப்பியில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். விரிசல் வந்தது, எண் எழுதியிருந்த இடத்தில். முத்திரை அடிக்காமல் பேனாவால் எண் எழுதிய துண்டு அது ஒன்றுதான். பேனா மையிலும் உப்புக்குச் சொந்தம் இருக்கலாம் என்பது இப்போதுதான் தோன்றுகிறது என்றார். தாடிக்குள் முகம் சிவந்திருந்தது.

அதன்பிறகு ஒரே பேச்சு. எங்கள் ஊர்ப் பாணியில், ஒருவர் முடிக்கும்முன் இன்னொருவர். வேறொரு நாட்டு அம்மையார், தம்மிடம் ஒன்று விரிந்ததற்குத் துண்டு கட்டிய நாடாவின் பசை காரணம் என்றார். இன்னொருவர் தூசு என்றார். தத்தம் இழுப்பறைகளை எல்லோரும் திறந்துகொண்டிருந்தார்கள். தனசேகர் என் காதருகே, "இன்னா சார், அங்கயும் இதே கதைதானா?" என்றார்.

செய்முறையில் புதிய உட்பிரிவு ஒன்று சேர்ந்தது. அசிட்டோனுக்குப் பிறகு சூடான வடிநீர்க் கழுவல், கடைசிக் கழுவல் நீரில் உப்புச் சோதனை. இரண்டாம் கட்டத்தின் கேள்வியே மாறியது. கைபடும் பொருள்கள், பேனா மை, பசை, வியர்வை, சந்தனம், எது எஃகை எவ்வளவு சீக்கிரம் கிழவனாக்கும்? யார் தலைமை என்று மார்த்தா கேட்கவே இல்லை. வேலைப் பட்டியலை அனுப்பும்போது முதல் பெயராக ஸ்டெல்லாவைப் போட்டு அனுப்பிவிட்டார்.

எல்லா நாட்டு ஆய்வகங்களுக்கும் அனுப்ப, மயிலாப்பூர் மாடவீதியில் சந்தனமும் குங்குமமும் ஒரே கடையில், ஒரே சரக்காக வாங்கிப் பொட்டலம் போட்டோம். சுங்கத்துக்கு என்ன பெயரில் அனுப்புவது என்பதில் எனக்கு நிஜமான வேலை வந்தது. பொட்டு வைக்கும் முறையை எழுதும் பொறுப்பும் எனக்கே. எத்தனை துளி நீர், எவ்வளவு அகலம் என்று எழுதிவிட்டேன். எந்த விரல் என்பதில் கேன்டீன் இரண்டாகப் பிரிந்தது.

"மோதிர விரல்தான் சார்," என்றார் தனசேகர். "நடு விரல்," என்றார் இயக்குநர், தம் வீட்டுப் பழக்கத்தை ஆதாரமாகக் காட்டி. ஸ்டெல்லா இருவரையும் வைக்கச் சொல்லி, அகலத்தை அளந்து, மோதிர விரல் என்று தீர்ப்புச் சொன்னார்.

"குளிச்சிட்டுத்தான் வெக்கணும்னு போடுங்க சார். குளிக்காம வெச்சா நல்லா இருக்காது," என்றார் தனசேகர்.

நான் சிரித்தேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "போடுங்க சார். வியர்வைலயும் உப்புதானே."

போட்டேன். 'பொட்டிடுபவர் அன்று குளித்திருக்க வேண்டும்.' என் வாழ்நாளில் நான் எழுதிய உட்பிரிவுகளில் பல நாடுகளில் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

பொட்டலம் போய்ச் சேர்ந்த வாரம் ஹென்ரிக்கிடமிருந்து மின்னஞ்சல். அங்கே ஏரி உறைந்துகிடக்கிறது, குளிர்காலத்துக்கும் அந்த உட்பிரிவு பொருந்துமா என்று கேட்டிருந்தார்.

ஸ்டெல்லா ஒரே சொல்லில் பதில் எழுதினார். 'பொருந்தும்.' கீழே பெயர். பெயருக்குக் கீழே, முதல் முறையாக, 'கூட்டாய்வுத் தலைவர்.'